மருந்துச் சீட்டில் பேட்டரிக்கும் ஒரு வரி வேண்டும்

இரத்த அழுத்தத்தை வீட்டிலேயே அளந்து குறித்து வருமாறு மருத்துவர் கூறுகிறார். குடும்பத்தாரும் சிரமப்பட்டுக் கருவியை வாங்கிவிடுகின்றனர். அடுத்த முறை கொண்டுவரும் குறிப்பேட்டில் முதல் சில நாள்களுக்கு எண்கள் இருக்கின்றன, அதன்பின் வெற்றுத்தாள். கேட்டால், “மெஷின் ஓடவில்லைங்க” என்பதே பதில். பல வேளைகளில் கருவி பழுதாகியிருப்பதில்லை. அதற்குள் இருக்கும் பேட்டரி தீர்ந்திருக்கும், அல்லது அந்த வேலைக்குப் பொருந்தாததாக இருக்கும். அந்த எண்களைப் பார்த்தே மருந்தின் அளவு கூட்டவோ குறைக்கவோ படுகிறது. ஆகவே இதனைச் சிறு செய்தி என்று ஒதுக்கிவிட முடியாது.

நாம் வாழ்வது மின்சாரம் பிறக்கும் மண். பைக்காரா ஆற்றின் நீர் 1932 முதல் சிங்காராவில் மின்சாரமாக மாறுகிறது. ஆயினும் பருவமழைக் காற்றில் ஒரு மரம் கம்பியின்மேல் சாய்ந்தால் மசினகுடி இருளில் மூழ்குகிறது. முற்றத்தில் யானை நிற்கிறதா என்று பார்த்த பின்னரே கதவைத் திறக்க வேண்டிய ஊரில், டார்ச் விளக்கும் உயிர்காக்கும் கருவியே. மாயாரிலோ பொக்காபுரத்திலோ இருப்பவர், பேட்டரி தீர்ந்த அந்நேரத்தில் கடைக்கு ஓட இயலாது. முன்கூட்டியே சரியானதை வாங்கி வைப்பதே வழி.

விலை உயர்ந்த பேட்டரியையே எல்லாவற்றுக்கும் வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. சுவர்க் கடிகாரமும் தொலைக்காட்சி ரிமோட்டும் மிகக் குறைந்த மின்சாரத்தையே உண்பவை. மலிவான கார்பன்–துத்தநாக பேட்டரி அவற்றுக்குப் போதும். இரத்த அழுத்தக் கருவியின் நிலை வேறு. கைப்பட்டையில் காற்றடைக்கும் மோட்டார் ஒரே மூச்சில் மிகுந்த மின்சாரத்தை இழுக்கிறது. மலிவு பேட்டரியால் அவ்வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் அதன் அழுத்தம் சரிகிறது. கருவி பாதியில் நின்றுவிடுகிறது. அதற்கு ஆல்கலைன் வகையே ஏற்றது. விலை கூடுதல்தான், ஆனால் பல மடங்கு நாள் உழைப்பதால் கணக்கில் நட்டமில்லை.

உறையில் ‘ஹெவி டியூட்டி’ என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு ஏமாற வேண்டா. பெரும்பாலும் அச்சொல்லைத் தாங்கி வருவது கார்பன்–துத்தநாக வகையே. பேட்டரியின் மேலுள்ள குறியீட்டைப் பாருங்கள்: பென்சில் பேட்டரியில் ‘ஆர்6’ என்றிருந்தால் சாதாரண வகை, ‘எல்ஆர்6’ என்றிருந்தால் ஆல்கலைன். அதனினும் மெல்லிய ‘ஏஏஏ’ அளவில் இவை ‘ஆர்03’, ‘எல்ஆர்03’ என்றிருக்கும். பழையதையும் புதியதையும், இருவேறு வகைகளையும் ஒரே கருவியில் கலந்து போடலாகாது. வலுவிழந்தது கசிந்து கருவியையே அரித்துவிடும். நெடுநாள் பயன்படுத்தாத கருவியிலிருந்து பேட்டரியைக் கழற்றி வைப்பது நன்று.

நாள்தோறும் எரியும் டார்ச்சுக்கு மறுமுறை ஏற்றக்கூடிய நிக்கல் வகை சிக்கனமானது. அதன் அழுத்தம் 1.5 வோல்ட் அன்று, 1.2 வோல்ட், எனவே மருத்துவக் கருவியில் இடுமுன் கையேடு அதனை அனுமதிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

காது கேட்கும் கருவியின் துத்தநாக–காற்று பேட்டரிக்குத் தனிக் குணம் உண்டு. மேலுள்ள ஒட்டுத்தாளை உரித்ததும் காற்று புகுந்து அது உயிர்பெறுகிறது. உரித்துச் சில நிமிடம் வைத்திருந்து பின் பொருத்துக. மீண்டும் ஒட்டி வைத்தாலும் அதன் ஆயுள் நிற்காது. ஒட்டுத்தாளின் நிறமே அளவைக் கூறும்: 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 செம்மஞ்சள், 675 நீலம். எண் நினைவில்லாத முதியவரும் நிறத்தைச் சொல்லி வாங்கலாம்.

சர்க்கரை அளவிடும் கருவிகள் சிலவற்றில் நாணயம்போன்ற லித்தியம் பேட்டரி இருக்கிறது. குழந்தை அதை விழுங்கிவிட்டால், உணவுக்குழாயில் சிக்கி இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே கடும் புண்ணை உண்டாக்கக்கூடும். தீர்ந்துபோன பேட்டரியும் அதே கேட்டினைச் செய்யும். வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். உடனே 108-ஐ அழைத்து, எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு விரையுங்கள். ஒரு வயதைக் கடந்து, விழுங்கும் நிலையில் உள்ள குழந்தைக்கு, வழியில் 10 நிமிடத்திற்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி தேன், ஆறு முறைவரை கொடுக்கலாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடாது. தேன் தேடிப் பயணத்தைத் தாமதிக்கவும் கூடாது. கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளை ஏறித்தான் உதகை சேர வேண்டிய நமக்கு ஒவ்வொரு நிமிடமும் பெரிது.

தீர்ந்தவற்றைப் புதருக்குள் எறிவதும் அடுப்பில் இடுவதும் தவறு. மாடும் மானும் மேயும் நிலம் இது. பேட்டரியின் மீதுள்ள குறுக்குக்கோடிட்ட குப்பைத்தொட்டிச் சின்னம், பிற குப்பையோடு சேர்க்காதே என்பதன் அடையாளம். பயன்படுத்திய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை, 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளர்மீதே சுமத்தியுள்ளன.

என் வேண்டுகோள் மூன்று. வீட்டில் அளக்கச் சொல்லும் மருத்துவர், எந்தக் கருவிக்கு எந்த பேட்டரி, எத்தனை என்பதனை மருந்துச் சீட்டிலேயே ஒரு வரியாக எழுதித் தரட்டும். மருத்துவமனை மருந்தகம் காதுக் கருவி பேட்டரிகளை இருப்பில் வைத்து, தீர்ந்தவற்றைப் பெற ஒரு பெட்டியையும் வைக்கட்டும். குடும்பத்தாராகிய நாம், ஒரு மாற்றுத் தொகுதியை மாத்திரைப் பெட்டிக்கு அருகே, குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் வைப்போம். மாத்திரை தீருமுன் வாங்கி வைக்கும் நமக்கு இந்தப் பழக்கம் கடினமன்று.