முகப்பில் எழுத்து எதுக்கு அண்ணாச்சி?

விருதுநகர் மாவட்டம் இ.குமாரலிங்கபுரத்துக்கு 1,052 ஏக்கரில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா என்று 2023 மார்ச்சில் அறிவிப்பு வந்தது. அந்தப் பூங்காவைத் தேடி வரும் வெளியூர் வியாபாரி, பக்கத்தில் அருப்புக்கோட்டையில் யார் என்ன நெய்கிறார்கள் என்றும் போனில் தட்டிப் பார்க்கத்தான் செய்வார். ஆகவே தறி வைத்திருப்பவருக்கும் ஒரு இணையதளம் வேண்டும். தளம் செய்துதரும் தம்பிகள் சொல்வதோ வேறு: “முகப்புல எழுத்து எதுக்கு அண்ணாச்சி? யாரு படிக்கா? நாலு படத்தை ஓடவிட்டு வாட்ஸப் பட்டன் வச்சாப் போதும்.”

யாரும் படிப்பதில்லை என்பதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 1997-இல் வெளியிட்ட ஆய்வு. சோதனைக்கு வந்தவர்களில் 79 சதவீதம் பேர் பக்கத்தை மேலோட்டமாகத்தான் மேய்ந்தார்கள். வரி விடாமல் படித்தவர்கள் 16 சதவீதம். உண்மைதான். ஆனால் அதே ஆய்வின் மறுபாதியை யாரும் சொல்வதில்லை. அதே விஷயத்தைப் பாதி சொற்களில் சுருக்கி, கண்ணுக்குத் தட்டுப்படும்படி பிரித்து, தற்பெருமையை நீக்கி எழுதியபோது பயன்பாட்டு எளிமை 124 சதவீதம் கூடியது. எழுத்தையே தூக்கு என்று நீல்சன் சொல்லவில்லை. ‘வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் தாரக மந்திரம்’ வகையறாவை நானும்தான் தாண்டிப் போகிறேன்.

அடுத்தது, ‘படமே பேசும்’. என்ன பேசும்? சேலையின் நிறத்தைச் சொல்லும். நூல் அறுபதாம் நம்பரா எண்பதா, ரவிக்கைத் துணி சேர்த்தியா, முதல் துவையலில் சாயம் இறங்குமா, எத்தனை சேலை எடுத்தால் மொத்த விலை? இவை எதையும் சொல்லாது. இதைவிட மோசம், இந்த விவரங்களையெல்லாம் போட்டோஷாப்பில் அழகான எழுத்துருவில் அடித்துப் படமாக ஏற்றிவிடுவது. உங்கள் தளத்தைத் திறந்து, ஊர்ப் பெயர் மீது விரலை அழுத்திப் பிடித்துப் பாருங்கள். எழுத்து தேர்வாகவில்லை என்றால் அது பெரும்பாலும் எழுத்தே இல்லை, படம். படத்துக்கு விளக்கம் எழுதி வைக்காவிட்டால், பார்வையற்றவரின் போன் அந்த இடத்தில் கோப்பின் பெயரை வாசிக்கலாம், அல்லது வாய்மூடிப் போகலாம். மொழிபெயர்ப்புக்கு எழுத்தைப் போல எளிதாக நகலெடுக்க முடியாது. முக்கியமான எழுத்தைப் படத்துக்குள் புதைக்காதீர்கள் என்று கூகுளே சொல்கிறது. சிக்னல் ஒரு கோடு மட்டும் நிற்கும் காட்டில் எழுத்து முந்தி வரும்; படம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

கேள்வி இருந்தால் வாட்ஸப்பில் கேட்பார்கள் என்கிறார்கள். கேட்பவர் கேட்பார். இரவு பதினொரு மணிக்குத் துபாயிலிருந்து பார்ப்பவர், நெசவாளி எழுந்து பதில் போடும்வரை காத்திருக்க மாட்டார், அடுத்த தளத்துக்குப் போய்விடுவார்.

வேடிக்கை என்னவென்றால், எழுத்து வேண்டாம் என்ற அதே ஆள் ஆறு மாதம் கழித்து, ‘கூகுளுக்கு 2,000 சொல் வேணும்’ என்று மாதச் சந்தா கேட்டு வருவார். பக்கத்தின் அடியில் சாம்பல் நிறத்தில் ‘அருப்புக்கோட்டை சேலை, சிறந்த அருப்புக்கோட்டை சேலை’ என்று நாற்பது தடவை அடிப்பார். அப்படியொரு சொற்கணக்கு தனக்கு இல்லை என்று கூகுள் தன் வழிகாட்டிக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. ஒரே சொல்லைத் திணிப்பது அங்கே ஸ்பேம் பட்டியலில் இருக்கிறது.

தமிழிலா ஆங்கிலத்திலா என்ற சண்டையும் வேண்டாம், இரண்டிலும் போடலாம்.

என்ன எழுதுவது? சரக்குக் கேட்டு வரும் போனை எடுப்பவரிடம் ஒரு நோட்டைக் கொடுங்கள். புது வியாபாரி முதலில் கேட்கும் கேள்விகளை ஒரு வாரம் குறித்து வைக்கட்டும். என்ன நெய்கிறீர்கள், என்ன விலை, குறைந்தது எத்தனை எடுக்க வேண்டும், எத்தனை நாளில் வரும், எந்த லாரி ஆபீசில் போடுவீர்கள். அவற்றுக்கான பதில்கள் நூற்றைம்பது சொல்லுக்குள் அடங்கிவிடும். முகப்பில் மேலே அதைப் போட்டுவிட்டுப் படங்களைக் கீழே ஓடவிடுங்கள்.