எங்கே, எத்தனை, எந்த வகை?

விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடையே இருக்கிறது மண்டகப்பட்டு. அங்கே முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் உண்டு. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் பிரம்மா, சிவன், திருமால் மூவருக்கும் எடுத்த கோயில் என்கிறது அதன் கல்வெட்டு. இப்படிப்பட்ட கல்வெட்டுகளைப் பதிவு செய்யும் அரசு ஆண்டறிக்கைகளில், என்ன எழுதியிருக்கிறது என்பது ஒரு பக்கம்; எந்தச் சுவரில், எந்தத் தூணில் என்பது தனியாக இன்னொரு பக்கம். இடம் வேறு, செய்தி வேறு.

கம்ப்யூட்டர், செல்போன் நினைவகத்திலும் இதே கணக்குதான். ஒவ்வொரு பைட்டுக்கும் ஓர் எண் உண்டு. அதுதான் முகவரி. புரோகிராம் தகராறு செய்தால், இன்ஜினீயர்கள் 'டிபக்கர்' என்ற கருவியால் நினைவகத்தைத் திறந்து பார்ப்பார்கள். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986-ல் எழுதிய 'ஜிடிபி' அதில் புகழ்பெற்றது. அதன் 'எக்ஸ்' கட்டளைக்கு மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: எந்த முகவரியிலிருந்து, எத்தனை, எந்த வகையாக.

'மண்டகப்பட்டு' என்ற பெயரையே சோதிக்கலாம். கண்ணுக்கு எட்டு எழுத்து. மெய்ப்புள்ளியும் உகரக் குறியும் தனித்தனிக் குறியீடு என்பதால் கம்ப்யூட்டருக்கு 12. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 36. முதல் மூன்று பைட்டுகள் 224, 174, 174. அதுதான் 'ம'. ஒரு பைட் தள்ளி ஆரம்பித்தால் 'ம' இருந்த இடத்தில் கேள்விக்குறிக் கட்டங்கள் வரும். அதே இடத்தில் நான்கு பைட்டைச் சேர்த்து ஒரே எண்ணாகப் படிக்கச் சொன்னால், வழக்கமான கம்ப்யூட்டர் 3769544416 என்று கூசாமல் சொல்லும். ஊர்ப் பெயரைப் போய் எண்ணாகக் கேட்கலாமா என்று அது எச்சரிக்காது.

புதியவர்கள் அடிக்கடி விழும் குழி இன்னொன்று. 'வயது' என்ற மாறியில் 42 இருக்கிறது. 'எக்ஸ் வயது' என்று கேட்டால், ஜிடிபி அந்த 42-ஐயே முகவரியாக எடுத்துக்கொண்டு 42-ஆம் பைட்டைத் தேடிப் போகும். பொதுவாக, அந்த முகவரியை அணுக முடியவில்லை என்று கைவிரித்துவிடும். மாறி இருக்கும் இடம் வேண்டுமானால் பெயருக்கு முன் & போட்டு '&வயது' என்று கேட்க வேண்டும். ஒரு சின்னக் குறி, வீட்டையும் வீட்டுக்குள் இருப்பவரையும் பிரித்துக் காட்டுகிறது.

கைவிரித்தால் நல்லதுதான்; தப்பு உடனே தெரிந்துவிடும். கேட்டதையெல்லாம் எடுத்துக் கொடுத்தால்தான் ஆபத்து. 2014 ஏப்ரலில் வெளியே தெரிந்த 'ஹார்ட்பிளீட்' ஓட்டை அப்படிப்பட்டது. இணையப் பாதுகாப்புக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில், அனுப்பிய செய்தி சிறியதாக இருந்தாலும் அதன் நீளம் பெரிது என்று பொய் சொன்னால் போதும். சர்வர் சரிபார்க்காமல், பக்கத்து நினைவகத்தையும் சேர்த்து ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை அள்ளிக் கொடுத்தது. பாஸ்வேர்டுகளும் ரகசியச் சாவிகளும் அதில் சிக்கும் நிலை. ஆரம்பித்த இடம் சரிதான். 'எத்தனை' என்பதை யாரும் சோதிக்கவில்லை.