குருமாணவரை உருவாக்குவது யார்?

குருமாணவர் எண்ணிக்கை குறைகிறது என்ற செய்தி ஆண்டுதோறும் வருகிறது. திருப்பீடத்தின் புள்ளிவிவரப்படி, உலகம் முழுவதும் 2022-இல் 1,08,481 ஆக இருந்த பெரிய குருமட மாணவர் எண்ணிக்கை, 2023-இல் 1,06,495 ஆகக் குறைந்துவிட்டது. கவலைக்குரியதுதான். ஆனால், எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கும் நாம், வந்தவர்கள் எப்படி உருவாகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கிறோமா?

இந்தக் கேள்வியை எங்களுக்குள் எழுப்பியது ஒரு பயணம். 1990-களில் நாங்கள் இறையியல் படித்துக்கொண்டிருந்தபோது, கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரத்தையொட்டி மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரிக்குச் சென்றோம். தென்னிந்தியத் திருச்சபையும் லுத்தரன் திருச்சபைகளும் இணைந்து 1969-இல் தொடங்கிய கல்லூரி அது. நாட்டுப்புற மெட்டுகளில் வழிபாட்டுப் பாடல்கள் அமைத்த அருள்திரு தியோப்பிலஸ் அப்பாவு (இறப்பு 2005) அங்கே பேராசிரியராக இருந்தார். ஒரே உலையில் பொங்கி எல்லாரும் சேர்ந்து உண்பதை ஆண்டவரின் பந்தியோடு இணைத்துச் சிந்தித்தவர் அவர்.

'பிரிந்த சகோதரர்கள்' என்று பாடத்தில் மட்டுமே அறிந்திருந்தவர்களோடு அன்று ஒரே பந்தியில் அமர்ந்து சாப்பிட்டோம். அவர்களுடைய பயிற்சியில் ஒரு பகுதி, வளாகத்துக்கு வெளியே ஏழை மக்களிடையே தங்கி வாழ்வது. அப்படித் தங்கியிருந்த மாணவர் ஒருவர், விடியுமுன் தெருக்குழாயில் குடத்தோடு வரிசையில் நின்றதைச் சொன்னார். போதிக்கப் போன தனக்கு அந்த வரிசையில் நின்ற பெண்கள்தாம் போதித்தார்கள் என்றார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஏனென்றால் எங்கள் பங்குப்பணி சனிக்கிழமை மாலை தொடங்கி ஞாயிறு மதியம் முடிந்துவிடும். எங்கே போனாலும் எங்களுக்கு நாற்காலி காத்திருக்கும்.

எல்லாக் கோட்பாடுகளிலும் நாம் அவர்களோடு ஒத்துப்போவதில்லை. குருமடத்துக்கு அமைதியும் செபமும் படிப்பும் தேவை என்பதையும் மறுக்கவில்லை. இயேசு பன்னிருவரைத் தேர்ந்துகொண்டது தம்மோடு இருக்கவும், பின் அனுப்பப்படவும்தான் (மாற்கு 3:14). இரண்டில் ஒன்றை விட்டாலும் பயிற்சி முழுமை பெறாது.

இதை நம் திருச்சபையும் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் குருத்துவப் பயிற்சி பற்றித் தனி ஏடு தந்தது. மனிதம், ஆன்மிகம், அறிவு, மேய்ப்புப்பணி ஆகிய நான்கு தளங்களிலும் பயிற்சி தேவை என்று 1992-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் எழுதினார். குருமாணவர் பயிற்சி மக்களின் அன்றாட வாழ்வோடு இணைந்திருக்க வேண்டும், பெண்களும் அதில் பங்குபெற வேண்டும் என்று 2024 அக்டோபரில் நிறைவுற்ற உலக ஆயர்கள் மாமன்றம் கேட்டுக்கொண்டது.

ஏடுகளில் குறையில்லை. அப்படியானால் குறை எங்கே? நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது!

விடுமுறைக்கு 'பிரதர்' ஊருக்கு வருகிறார். பேருந்து நிறுத்தத்திலேயே பையை ஒருவர் வாங்கிக்கொள்கிறார். தம்பி தரையில் அமர்ந்து சாப்பிட, இவருக்கு மேசை போடுகிறோம். பெற்ற தாயே 'வாங்க, போங்க' என்று பேசத் தொடங்கிவிடுகிறார். அன்பால் செய்கிறோம், உண்மைதான். ஆனால் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் இப்படி உயரத்தில் உட்கார வைத்துவிட்டு, "நம்ம சாமியார் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை" என்று பிறகு குறைப்படுவதில் என்ன நியாயம்? அந்த உயரத்தை விரும்பி ஏற்றுக்கொண்ட குருக்களாகிய எங்களுக்கும் இதில் பங்கு உண்டு.

என்ன செய்யலாம்? அடுத்த முறை பிரதர் வரும்போது பையை அவரே சுமக்கட்டும். படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டியின் அருகில் அரைமணி நேரம் உட்காரச் சொல்லுங்கள். துக்க வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். வேலையிழந்தவரின் கதையைக் கேட்கட்டும். அவரது மறையுரை புரியவில்லையென்றால் பணிவோடு சொல்லுங்கள். திருநிலைப்பாட்டுக்கு முன் அவர் பெயர் பங்கில் அறிவிக்கப்படும்போது, தெரிந்த உண்மையை மறைக்காமல் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். அருகிலுள்ள குருமடத்துக்குத் திருவிழா நாளில் மட்டுமன்றிச் சாதாரண நாளிலும் சென்று, மாணவர்களோடு பேசிவிட்டு வாருங்கள்.

சீடரின் காலடிகளைக் கழுவக் குனிந்தவரைத்தான் நாம் 'ஆண்டவர்' என்று அழைக்கிறோம். குனியக் கற்றுக்கொண்ட மேய்ப்பர்கள் நமக்கு வேண்டுமென்றால், அதைக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பை நாம்தான் தர வேண்டும். குருமடம் ஊருக்கு வெளியே இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு பங்கும், ஒவ்வொரு குடும்பமும் ஒரு குருமடம்தான். அந்தப் பொறுப்பை உணர்ந்து, நம் குருமாணவர்களுக்காக மன்றாடுவோம், அவர்களோடு நடப்போம்.