ஊர் ஊராகப் பெட்டி தூக்கும் நர்சு!

காந்திபுரத்தில் காலை 5 மணி. அரசு விரைவு பஸ் நிலையம். (பழைய ஆட்களுக்கு அது இன்னமும் "திருவள்ளுவர் ஸ்டாண்டு"தான்.) நாகர்கோவில் பஸ் வந்து நிற்கிறது. தூக்கக் கலக்கத்தோடு இறங்குகிறவர்களில் ஒரு பெண். வயது 23, 24 இருக்கும். ஒரு கையில் பெட்டி. மறு கையில் பிளாஸ்டிக் உறைக்குள் சர்டிபிகேட்டுகள்.

எதிரே டீக்கடை. கடைக்காரர் கேட்கிறார்:

"எங்க போகோணும் அம்மிணி?"

ஆஸ்பத்திரி பெயரைச் சொல்கிறாள்.

"புது வேலைங்களா?"

"ஆமாண்ணே. ஆறு மாசத்துக்கு."

"ஆறு மாசத்துக்கா? அப்புறம்?"

"அப்புறம் தெரியாதுண்ணே."

கடைக்காரர் மேற்கொண்டு கேட்கவில்லை. டீயை ஆற்றிக் கொடுத்தார். எந்தப் பஸ், எந்த நிறுத்தம் என்று வழி சொல்லி அனுப்பினார்.

ஆபீசுக்குப் போகிற அவசரத்தில் நீங்களும் இப்படி ஒரு பெண்ணைப் பார்த்திருப்பீர்கள். இன்று பார்த்த முகம் ஆறு மாதம் கழித்து இருக்காது. வேறு முகம், வேறு பெட்டி!

கோவை, ஆஸ்பத்திரிகளின் ஊர். பெரிய ஆஸ்பத்திரி தொடங்கி, சந்துக்குச் சந்து இருக்கும் நர்சிங் ஹோம் வரை கட்டில் போட்டிருக்கிறார்கள். அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும் பெண்களில் பலர் இந்த ஊர்க்காரர்கள் அல்ல. பாலக்காட்டிலிருந்து வருகிறார்கள். நெல்லை, குமரியிலிருந்து வருகிறார்கள். தர்மபுரியிலிருந்தும் வருகிறார்கள். அவர்கள் வராவிட்டால் நம் ஊரில் பல வார்டுகளைப் பூட்ட வேண்டியதுதான்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு தனித் தொழிற்பெயரே இருக்கிறது. "டிராவல் நர்சு". நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் 1978-ல் மார்டி கிரா திருவிழா. கூட்டம் தாங்காமல் ஆஸ்பத்திரிகள் திணறின. அப்போது வெளியூர் நர்சுகளைத் தற்காலிகமாக வரவழைத்தார்கள். அதிலிருந்துதான் இது தொடங்கியது என்று வழக்கமாகச் சொல்வார்கள். ஒப்பந்தம் பெரும்பாலும் 13 வாரம். தங்க இடமோ, அதற்கான பணமோ உண்டு. சம்பளம்? நிரந்தர நர்சைவிடக் கூடுதல்! கொரோனா காலத்தில், 2021 கடைசியில், சராசரியாக வாரத்துக்கே 3 ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள்.

அங்கேயும் எல்லாம் பால் பாயசம் இல்லை. கொரோனா தணிந்ததும் 2022-ல் பல இடங்களில் பாதி ஒப்பந்தத்திலேயே சம்பளத்தைக் குறைத்தார்கள். "இஷ்டம் இருந்தால் இரு, இல்லாவிட்டால் கிளம்பு" என்றார்கள். வழக்குகூடப் போயிற்று. ஆனாலும் கணக்கின் அடிப்படை ஒன்றுதான். வீட்டை விட்டு வருகிறாள், அவசரத்துக்கு வருகிறாள், எனவே கூடக் கொடு!

அதுதானே உலக வழக்கம்? நடுராத்திரியில் குழாய் உடைந்தால் வருகிற பிளம்பர் பகல் கூலியா வாங்குகிறார்? கல்யாண சீசனில் சமையல்காரர் விலை என்ன என்று பெண்ணைப் பெற்றவர்களைக் கேளுங்கள்!

நம் ஊரில் மட்டும் நர்சுக்கு இந்தக் கணக்கு தலைகீழ். நிரந்தரமாக ஒரே ஊரில் இருப்பவருக்கு முழுச் சம்பளம், லீவு, பென்ஷன். பெட்டி தூக்கிக்கொண்டு முன்பின் தெரியாத ஊருக்கு வருகிறவளுக்குப் பாதிகூட இல்லை. மில் வேலை பார்த்த குடும்பங்களுக்கு இது புரியும். காலை ஷிப்டு சங்கு ஊதும் நேரத்தில் கேட்டுக்கு வெளியே நின்ற "பதிலி"த் தொழிலாளியை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இவள் ஆஸ்பத்திரி பதிலி. அந்தப் பதிலியாவது சொந்த வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டு வந்தான்.

ரூ.7 ஆயிரத்து 700!

தனியாரை விடுங்கள். சர்க்கார் என்ன செய்தது?

2015-ம் ஆண்டு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் பரீட்சை வைத்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் எழுதித் தேறினார்கள். ஊர் ஊராகப் போஸ்டிங் போட்டார்கள். மலை, காடு, கடற்கரை எல்லா இடத்துக்கும் போனார்கள். சம்பளம்? மாதம் ரூ.7 ஆயிரத்து 700. தொகுப்பூதியம்! இரண்டு வருஷம் போகட்டும், நிரந்தரமாக்குகிறோம் என்பது பேச்சு.

இரண்டு வருஷம் போனது. சிலருக்குக் கிடைத்தது. பலருக்கு "காலியிடம் இல்லை".

2017 நவம்பரில் ஆயிரக்கணக்கான நர்சுகள் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் வந்து உட்கார்ந்தார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்களும் உண்டு. ஹைகோர்ட்டு சொன்ன பிறகு எழுந்தார்கள். அடுத்த ஆண்டு சம்பளம் ரூ.14 ஆயிரம் ஆனது. அதே வார்டில், அதே ஊசியைப் போடுகிற நிரந்தர நர்சு வாங்கியதில் அது எத்தனை பங்கு என்று விசாரித்துப் பாருங்கள். தலை சுற்றும்!

அந்த 14 ஆயிரத்தில் வெளியூர் நர்சின் மாதக் கணக்கைப் போடுவோம். காந்திபுரம், டாடாபாத் பக்கம் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சாப்பாட்டோடு ஒரு கட்டில் 5 ஆயிரத்துக்குக் கீழே கிடைத்தால் அதிர்ஷ்டம். மாதம் ஒரு முறை ஊருக்குப் போய் வர பஸ் செலவு. போன் செலவு, சோப்பு, சீப்பு. நர்சிங் படிக்க அப்பா வாங்கிய பேங்குக் கடன் ஒரு பக்கம் நிற்கிறது. அதுவும் கழிந்தால் மிச்சம் என்ன? ஊரில் இருப்பவர்கள் மட்டும் "மகள் கோயமுத்தூரில் சர்க்கார் வேலை" என்று பெருமையாகச் சொல்வார்கள். அவளும் மறுத்துச் சொல்ல மாட்டாள்.

பிறகு கொரோனா வந்தது. 2020. பஸ் இல்லை, ரயில் இல்லை. சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி முழுவதையும் கொரோனாவுக்கு ஒதுக்கினார்கள். நாம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம். அப்போது தமிழ்நாடு முழுக்கப் புதிதாக 2 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நர்சுகளைத் தற்காலிகமாக எடுத்தார்கள். 6 மாத வேலை. அப்புறம் நீட்டிப்பு, மறுபடி நீட்டிப்பு. பிளாஸ்டிக் கவச உடுப்புக்குள் வியர்வை வழிய, தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் மணிக்கணக்கில் நின்றார்கள். நாம் என்ன செய்தோம்? மொட்டை மாடியில் நின்று கை தட்டினோம்.

2022 டிசம்பர் 31. அன்றோடு அவர்களுக்குப் பணி முடிந்தது என்று சர்க்கார் சொல்லிவிட்டது. புத்தாண்டுப் பரிசு!

2023 ஜனவரியில் மறுபடி போராட்டம். மாவட்ட சுகாதாரச் சங்கங்கள் மூலம் ரூ.18 ஆயிரத்தில் மாற்று வேலை தருகிறோம் என்றார் மந்திரி. அதுவும் தற்காலிகம்தான். ஒரு பெட்டியை இறக்கி வைத்து இன்னொரு பெட்டியைத் தூக்கச் சொன்ன மாதிரி!

இதில் நெஞ்சை அறுக்கிற விஷயம் ஒன்று உண்டு. பிரசவ வார்டில் நின்று ஊராரின் பிள்ளையை எல்லாம் கையில் ஏந்துகிறாள் நர்சு. அவளுக்கே பிரசவம் என்றால்? நிரந்தர ஊழியருக்கு ஒரு வருஷம் சம்பளத்தோடு லீவு. ஒப்பந்த நர்சு அதற்காகக் கோர்ட்டுப் படி ஏற வேண்டியிருந்தது. ஒப்பந்த நர்சுக்கும் பேறுகாலச் சலுகை உண்டு என்று 2024 டிசம்பரில் ஹைகோர்ட்டு சொல்லித்தான் தீர்ந்தது. இதைச் சொல்ல ஒரு ஹைகோர்ட்டா வேண்டும்?

தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் அளவுகோல் இல்லாமல் இல்லை. 2016 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னதன் பேரில் மத்திய சர்க்கார் ஒரு கமிட்டி போட்டது. கமிட்டி என்ன சொன்னது? 200 கட்டிலுக்கு மேல் உள்ள ஆஸ்பத்திரி, சர்க்கார் நர்சுக்குச் சமமாகக் கொடுக்க வேண்டும். 100 கட்டிலுக்கு மேல் என்றால் அதில் 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை என்றால் 25 சதவீதம். 50-க்கும் கீழே உள்ள சின்ன நர்சிங் ஹோம்கூட ரூ.20 ஆயிரத்துக்குக் குறைக்கக் கூடாது. இது 2016-ல் சொன்ன தொகை. சந்து முனை நர்சிங் ஹோமில் டிரிப் மாற்றுகிற பெண்ணிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பே பதில்!

இத்தனையும் தெரிந்தும் ஏன் வருகிறார்கள்?

வருவதில் லாபமும் இருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்தில் நாலு ஆஸ்பத்திரி பார்த்த நர்சுக்குக் கை பேசும். மலை கிராமத்தில் டாக்டர் வருவதற்குள் பாம்புக் கடிக்கு முதலுதவி செய்தவள், நகரத்து ஐ.சி.யூ.வில் மெஷின்களுக்கு நடுவே நின்றாலும் பதற மாட்டாள். புது ஊர், புதுப் பேச்சு. "ஏனுங்க", "வாங்கோ", "போங்கோ" எல்லாம் மூன்றே மாதத்தில் நாக்கில் ஒட்டிக்கொள்ளும். சொந்தக் கையால் சம்பாதித்துத் தம்பிக்குப் பீஸ் கட்டுகிற சுகம் இருக்கிறதே, அதை ரூபாயில் சொல்ல முடியாது. களத்து வேலைக்கும் தறிக்கும் போன அம்மாவின் மகள் வெள்ளை உடுப்புப் போடுகிறாள். தெருவே எழுந்து பார்க்கிறது.

அடுத்த படி வெளிநாடு. குவைத், சவுதி, ஜெர்மனி, லண்டன். கடனை அடைத்து, வீடும் கட்டி, தங்கைக்குக் கல்யாணமும் முடித்துவைத்த நர்சுகள் ஆயிரம் பேர். அதே பாதையில் குழிகளும் உண்டு.

2014 ஜூலை. ஈராக்கில் திக்ரித் நகரம். ஐ.எஸ். தீவிரவாதிகளின் பிடியில் 46 இந்திய நர்சுகள். 45 பேர் கேரளப் பெண்கள். ஒருவர் நம் தூத்துக்குடிப் பெண். தலைக்கு மேல் குண்டு விழுந்தபோதும் அவர்களில் பலருக்கு இருந்த கவலை என்ன தெரியுமா? பல மாதச் சம்பளம் பாக்கி. ஊரில் ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன்! நல்லவேளையாக 46 பேரும் உயிரோடு விமானத்தில் கொச்சி வந்து இறங்கினார்கள்.

அடுத்த வருஷமே கொச்சியில் இன்னொரு கூத்து. குவைத்துக்கு நர்சுகளை அனுப்பிய ஒரு ஏஜென்சி ரூ.19 ஆயிரத்து 500 வாங்க வேண்டிய இடத்தில் ஆளுக்கு 19½ லட்சம் வரை வாங்கியதாக சி.பி.ஐ. வழக்குப் போட்டது. அதன் பிறகு, 2015 மே 30 முதல், வளைகுடா உள்பட 18 நாடுகளுக்கு நர்சுகள் போக சர்க்காரின் குடிபெயர்வு அனுமதி கட்டாயம் ஆனது. ஆள் எடுப்பதும் சர்க்கார் நிறுவனங்கள் மூலம்தான் என்று விதி வந்தது. தமிழ்நாட்டில் அதற்கான நிறுவனம் சென்னையில் உள்ள அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். அதைத் தொடங்கியதும் அதே 1978-ல்தான்! ஆகவே பஸ் நிலையச் சுவரில் ஒட்டிய நோட்டீசைப் பார்த்துப் பணத்தைக் கட்டாதீர்கள். அந்த நிறுவனத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பிறகு பாஸ்போர்ட்டைக் கொடுங்கள். அப்பா அம்மாக்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

சரி, காந்திபுரத்துக்குத் திரும்புவோம். சர்க்காரைத் திட்டினோம், ஆஸ்பத்திரி முதலாளியைத் திட்டினோம். நாம் யோக்கியமா?

2020 மே மாதம் கொல்கத்தாவில் தனியார் ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்த வெளிமாநில நர்சுகள் 300 பேருக்கு மேல் ராஜினாமா செய்துவிட்டு ஊர் திரும்பினார்கள். மணிப்பூர்க்காரர்களே அதிகம். காரணம் என்ன? சம்பளப் பிரச்சினை ஒரு பக்கம். அக்கம்பக்கத்தார் நோயைப் பார்ப்பதுபோல் பார்த்தது இன்னொரு பக்கம். நம் ஊரில் அப்படி இல்லை என்று மார் தட்ட வேண்டாம். "நைட் டூட்டியா? அப்படீன்னா ரூம் இல்லீங்க" என்று சொல்கிற வீட்டுக்காரர்கள் இங்கே இல்லையா? ராத்திரி வேலைக்குப் போகிறவள் என்றால் ஒரு மாதிரி பார்ப்பது. மதிய ஷிப்டு முடிந்து 9 மணிக்கு வருகிற பெண்ணுக்கு முன்னால் ஹாஸ்டல் கேட்டைப் பூட்டுவது. அவளுக்கு எடுத்து வைத்த சாப்பாடு ஆறிப்போய்க் கிடக்கும். அதுவும் இல்லாத நாளில் பிஸ்கட், தண்ணீர்!

2021 மே மாதம் பெண்களுக்கு டவுன் பஸ்சில் டிக்கெட் இல்லை என்று அறிவித்தார்கள். நல்ல காரியம். ஆனால் ராத்திரி 9 மணிக்கு மேல் அந்தப் பஸ் வர வேண்டுமே! ஷிப்டு மாறும் நேரத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரிகளிலிருந்து காந்திபுரத்துக்கு ஒன்றிரண்டு பஸ் விட்டால் போக்குவரத்துக் கழகம் நொடித்துப் போய்விடாது.

வெளியூரிலிருந்து நர்சை வரவழைக்கும் ஆஸ்பத்திரி, அது சர்க்காரோ தனியாரோ, படுக்க ஓர் இடம் காட்டிவிட்டுப் பிறகு டூட்டி போடட்டும். எத்தனை மாதம், எவ்வளவு சம்பளம், எந்தத் தேதியில் என்று கையெழுத்துப் போட்ட காகிதம் அவள் கையில் இருக்க வேண்டும். வாய் வார்த்தை வேண்டாம். ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கிப் பீரோவில் பூட்டிக்கொள்வது அடாவடி. அதைச் செய்கிறவர்கள் உடனே நிறுத்த வேண்டும். தற்காலிகம் என்று பெயர் வைத்து வருஷக்கணக்கில் வேலை வாங்கினால், தற்காலிகம் என்ற சொல்லுக்கு ஏற்றபடி கூடுதல் கூலி கொடுங்கள். முடியாதா? நிரந்தரம் ஆக்குங்கள். இரண்டில் ஒன்று!

ஹாஸ்டல்காரர்களே, வீட்டுக்காரர்களே! ராத்திரி 9 மணிக்கு ஒரு வெள்ளை உடுப்பு கேட்டைத் தட்டினால் திறங்கள். உங்கள் வீட்டுப் பெரியவருக்கு நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய ராத்திரியில், அங்கே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது யார்?