கரூர் தெரிகிறது, பசறை தெரியவில்லை

ஊவா மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014 செப்டம்பர் 20இல். அப்போது இரண்டாம் தரத்தில் படித்த பிள்ளைக்கு இன்று வாக்களிக்கும் வயது வந்துவிட்டது. சபையின் ஆயுள் 2019இல் முடிந்தது. நாட்டின் ஒன்பது மாகாண சபைகளில் கடைசியாகத் தேர்தலைக் கண்டதும் கடைசியாகக் கலைந்ததும் ஊவாதான். அதன் பிறகு ஆளுநரும் அதிகாரிகளும்தான். மாகாணப் பாடசாலைகளுக்கும், மாகாண வைத்தியசாலைகளுக்கும், மாகாண வீதிகளுக்கும் மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவர்கூடப் பொறுப்பில் இல்லை.

நமுனுகுல மலையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இதற்காக யாரும் கோபப்பட்டு நான் கேட்டதில்லை. 2025 செப்டம்பர் 27 இரவு தமிழ்நாட்டின் கரூரில் நடிகர் விஜய்யின் கட்சிக் கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு 41 பேர் உயிரிழந்த செய்திக்கோ பல நாட்களுக்குப் பேச்சு ஓயவில்லை. அவ்வளவு சிறிய இடத்தை ஏன் கொடுத்தார்கள், தலைவர் ஏன் பிந்தி வந்தார், பொலிஸ் என்ன செய்தது, பழி யார் தலையில் விழப்போகிறது என்று பெரட்டுக் களத்திலும் ஆட்டோ நிறுத்தத்திலும் கோவில் வாசலிலும் வாதம் நடந்தது. கட்சி பிரிந்து சண்டை பிடித்தார்கள். சென்னைத் தொலைக்காட்சி விவாத மேடைகளைவிடச் சில இடங்களில் தரமாகவே இருந்தது என்பேன்.

இந்த இடத்தில் கொழும்பிலும் பதுளை நகரிலும் உள்ள படித்தவர்கள் வழக்கமாக ஒரு தீர்ப்பைச் சொல்லிவிடுவார்கள். தோட்டத்துச் சனம் சினிமாவிலும் நாடகத்திலும் டிக்டொக்கிலும் கிடக்கிறது, சொந்தப் பிரச்சினையில் அதற்கு அக்கறையில்லை என்று. கேட்பதற்குச் சரிபோல இருந்தாலும் அது பொய். அது பொய் என்பதற்குச் சம்பளப் பிரச்சினையே சாட்சி.

ஆயிரம் ரூபாய் நாட்சம்பளக் கோரிக்கை 2015இல் எழுந்தது. அது சம்பளச் சபையின் வர்த்தமானியாக வர 2021 மார்ச் ஆனது. ஆயிரம் வந்ததும் பல தோட்டங்களில் கொழுந்தின் கிலோ கணக்கு ஏறியது, வேலை நாட்கள் குறைந்தன. 2024 மே தினத்தன்று 1,700 ரூபாய் அறிவிக்கப்பட்டது. கம்பனிகள் உயர் நீதிமன்றம் போயின, ஜூலையில் இடைக்காலத் தடை வந்தது. செப்டம்பரில் 1,350 அடிப்படைச் சம்பளமாக நின்றது, மிச்சம் 350 உற்பத்தியோடு கட்டிப்போடப்பட்டது. 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் அடிப்படை 1,550, அதற்கு மேல் வரவுக்காக அரசாங்கம் தரும் 200, ஆகமொத்தம் 1,750 என்று சொல்லப்பட்டது.

இந்தக் கணக்கை எந்தப் பொருளியல் பட்டதாரியும் ஒரு கொழுந்து பறிக்கும் அம்மாவுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. 1,700 என்று மேடையில் சொன்னதில் எவ்வளவு கையில் வரும், எவ்வளவு கிலோவில் தொங்கும் என்று அவர் அன்று மாலையே பிரித்துச் சொல்லியிருப்பார். அந்த 200 ரூபாய்க்கு ஈபிஎஃப் உண்டா, அரைப்பேர் போட்ட நாளுக்கு அது வருமா, அடுத்த அரசாங்கம் அதை நிறுத்தினால் கம்பனி பொறுப்பேற்குமா? கொழுந்து மடுவத்தில் கேட்ட இந்தக் கேள்விகள் பாராளுமன்ற விவாதத்தில் கேட்டவற்றுக்கு இளைத்தவை அல்ல. காரணம் எளிது. மாதம் ஒருமுறை சம்பளத் துண்டு அவர் கைக்கு வருகிறது. தகவல் கையில் இருக்கும்போது அபிப்பிராயம் கூர்மையாகத்தான் இருக்கும்.

வாக்கிலும் அப்படியே. தோட்டத்து வாக்கு சங்கத் தலைவரின் சட்டைப் பையில் இருக்கிறது என்பது பழைய நம்பிக்கை. 2024 செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் பதுளை மாவட்டம் சஜித் பிரேமதாசவை முதலிடத்தில் வைத்தது. இரண்டு மாதம் முடியுமுன், நவம்பர் 14இல், அதே மாவட்டம் ஒன்பது ஆசனங்களில் ஆறைத் தேசிய மக்கள் சக்திக்குக் கொடுத்தது. கிட்ணன் செல்வராஜும் அம்பிகா சாமுவேலும் அந்த அலையில்தான் பாராளுமன்றம் போனார்கள். மலையகத் தமிழ்ப் பெண் ஒருவர் இங்கிருந்து அங்கே போக, 1947இல் பதுளை எஸ்.எம். சுப்பையாவை அனுப்பியதிலிருந்து 77 ஆண்டுகள் பிடித்தன என்பதையும், அந்த 1947க்குப் பிறகு பிரஜாவுரிமைச் சட்டங்கள் வாக்கையே பிடுங்கிக்கொண்டன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மாவட்டத்தின் வாக்கு முழுவதும் தோட்டத்து வாக்கு அல்லதான். ஆனால் தோட்டம் அசையாமல் இருந்திருந்தால் அந்தப் புரட்டல் நடந்திருக்காது.

அப்படியானால் மாகாண சபை, பிரதேச சபை என்று வந்தால் மட்டும் ஏன் இந்த மௌனம்?

இதில் பாதி சட்டம் பழக்கிய பழக்கம். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், அதன் 33ஆம் பிரிவால், தோட்டத்துக்குள் சபை பணம் செலவழிப்பதைத் தடுத்து வைத்திருந்தது. தோட்டத்து மக்கள் வாக்களிக்கலாம், உறுப்பினராகலாம், தங்கள் லயத்துக்குப் போகும் பாதைக்கு ஒரு லோட் கல் கேட்டால் மட்டும் சட்டம் குறுக்கே நிற்கும். 2018இல்தான் அது திருத்தப்பட்டது. முப்பது ஆண்டுகளாக எதுவும் தர முடியாத ஒரு சபையிடம் யார் போய் எதைக் கேட்பார்கள்? பைப்புக்குத் துரையிடம், கூரைத் தகரத்துக்குத் தலைவரிடம், பாதைக்கு அமைச்சரிடம் என்று மனு போய்ப் பழகிவிட்டது. சட்டம் மாறிய செய்தி பல லயங்களுக்கு இன்னும் ஒழுங்காகப் போய்ச் சேரவேயில்லை. அதைச் சொல்லிவைக்க வேண்டியவர்களுக்குச் சொல்லாமல் இருப்பதில் இலாபம் உண்டு. தாங்கள் வாங்கிக் கொடுத்ததாகக் காட்டிக்கொள்ளலாம் அல்லவா?

மற்றப் பாதி, செய்தி வரும் வழி. கரூரில் நடந்தது பத்து நிமிடத்தில் போனுக்கு வந்துவிடும். பசறைப் பிரதேச சபையின் மாதக் கூட்டத்தில் எந்த வீதிக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்பது தமிழில் எங்கும் வராது. கொழும்பிலிருந்து வரும் தமிழ்ப் பத்திரிகைகளில் ஊவாவுக்குக் கிடைப்பது ஒரு மூலை, அதிலும் பாதி பொன்னாடை போர்த்திய படம். பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டவை. அந்தப் பிரகடனம் பெயர்ப்பலகையோடு நின்றுவிட்ட அலுவலகங்கள் எத்தனை என்று படிவம் நிரப்பப் போனவர்களைக் கேளுங்கள்.

பக்கத்து விடயம் தெரியவந்தபோது என்ன நடந்தது என்பதற்கும் பதுளையிலேயே உதாரணம் இருக்கிறது. 2018 ஜனவரியில், பதுளை தமிழ் மகளிர் மகா வித்தியாலய அதிபரை அன்றைய ஊவா முதலமைச்சர் சாமர சம்பத் தசநாயக்க மண்டியிட வைத்தார் என்ற குற்றச்சாட்டு வெளியே வந்தது. முதலில் மறுப்பு, பிறகு அதிபரே ஊடகங்கள் முன் பேசினார், பிறகு வீதியில் போராட்டம். தன்னிடமிருந்த கல்வி அமைச்சுப் பொறுப்பிலிருந்து முதலமைச்சர் விலக வேண்டியதாயிற்று. ஒரு தமிழ்ப் பாடசாலையின் விவகாரத்தில் மக்கள் அபிப்பிராயம் ஓர் அமைச்சுப் பதவியை அசைத்தது அன்று. அன்று அசைப்பதற்கு ஒரு பதவி இருந்தது. இன்று அப்படியொன்று நடந்தால் யாரை விலகச் சொல்லிக் கேட்பது?

இனி ஒரு வீடியோவின் கதை. 2021 மார்ச் 20 காலை, லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் பசறை 13ஆம் கட்டைப் பகுதியில் பள்ளத்தில் விழுந்தது. பலியானோர் 14 பேருக்குக் குறையாது. விபத்தின் கமரா காட்சி அன்றே எல்லாப் போன்களிலும் ஓடியது. பஸ் சாரதியின் பிழையா, எதிரே வந்த டிப்பரின் பிழையா என்று நாடே தீர்ப்பு எழுதியது. வீதியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்த சரிந்த பாறையை அதற்கு முன்பே ஏன் யாரும் அகற்றவில்லை என்ற கேள்வி மூன்றாம் இடத்துக்குத்தான் வந்தது. வீடியோவில் சாரதி தெரிவார், அலுவலகம் தெரியாது. தொழில்நுட்பம் நமக்குச் செய்திருக்கும் வேலை இதுதான். கண்ணில் படும் மனிதனைத் திட்டுவது எளிதாகிவிட்டது, கண்ணில் படாத நிர்வாகம் தப்பித்துக்கொள்கிறது.

அதற்காகப் போனைக் குற்றவாளியாக்க எனக்கு விருப்பமில்லை. கொரோனாக் காலத்தில் பதுளை மாவட்டத்துப் பொஹிட்டியாவ பிள்ளைகள் சிக்னல் தேடி மலையேறிப் பாடம் படித்ததை உலகமே பார்த்தது. கேட்பதற்கு உருக்கமான கதை. ஒரு பொறுப்பான மாகாணக் கல்வி நிர்வாகம் அதைத் தலைகுனிவாகக் கொண்டிருக்க வேண்டும். போன் வந்தது, டவர் பாதி வந்தது, தேவையான செய்தி வரவில்லை.

உயிருக்கே விலை வைக்கும் இடம் மண்சரிவு. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை இறங்கியது 2014 அக்டோபர் 29 காலையில். ஊவா தேர்தல் முடிந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை 2005இலும் 2011இலும் கொடுக்கப்பட்டிருந்தது. அந்தத் தேர்தல் மேடைகளில் மண்சரிவு ஒரு பேச்சுப் பொருளாக இருந்ததாக எனக்கு நினைவில்லை. எச்சரிக்கை கடதாசியில் இருந்தது, லயத்தில் அபிப்பிராயமாக மாறவில்லை. வேறு இடமும் வீடும் கையில் தராமல் எழும்பிப் போ என்று சொல்வது எச்சரிக்கையாகாது என்பதையும் இங்கே எழுதி வைக்க வேண்டும். நடந்த பிறகு செய்திகளில் காணாமற்போனோர் நூற்றுக்கணக்கில் என்றார்கள், நாளாக நாளாக அந்த எண் நாற்பதுக்குள் இறங்கியது. ஒரு தோட்டத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதுகூட உடனே சொல்ல முடியாத நிர்வாகம் அது.

பதினொரு வருடம் கழித்து, 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. மின்சாரம் போனது, பாதைகள் போயின, பல இடங்களில் போன் ஊமையானது, ரயில் பாதை அறுந்தது. தமிழில் எச்சரிக்கை பிந்தி வந்தது என்ற முறைப்பாடு நாடு முழுவதும் எழுந்தது. அது நியாயமான முறைப்பாடு. ஆனால் மொழியை மட்டும் திருத்தினால் போதாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பசறை, ஹாலி-எல, எல்ல, ஹல்துமுல்ல என்று பிரதேச செயலகப் பிரிவைச் சொல்லி மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று அறிவிக்கிறது. லயத்தில் இருப்பவர் தன் இடத்தைத் தோட்டத்தின் பெயராலும் டிவிசனின் பெயராலும் அறிகிறார். மேல் டிவிசனா கீழ் டிவிசனா, எந்த லயத்து முதுகுப்புற மண்மேடு என்று யாராவது பிரித்துச் சொன்னால்தான் அந்த இரவு அவர் எழும்பி நடப்பார். அந்த வேலைக்குப் பிரதேச சபை உறுப்பினரைவிடப் பொருத்தமானவர் யார்? அவரும் அப்படியொரு பொறுப்பு தனக்கு உண்டென்று நினைக்கவில்லை, மக்களும் அவரிடம் அதை எதிர்பார்க்கவில்லை.

பொழுதுபோக்கை இதற்கு எதிரியாக நிறுத்துவது சோம்பேறித்தனமான வாதம். தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் தோட்டங்களுக்குள் போன காலத்தில் அவர் மனைவி மீனாட்சியம்மாள் பாடினார். அன்று கூட்டம் கூடியது பாட்டுக்கு, வீட்டுக்குக் கொண்டுபோனது அரசியலை. 2023இல், மலையகத்தவர் இங்கு வந்து 200 ஆண்டு என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அதே ஆண்டில் புசல்லாவைத் தோட்டத்துச் சிறுமி அசானி ஸீ தமிழின் பாட்டுப் போட்டி மேடையில் நின்றார். மலையகத் தமிழர் என்று ஒரு கூட்டம் இருப்பதைத் தமிழ்நாட்டில் பல வீடுகள் முதன்முதலாகக் கேள்விப்பட்டது அந்தப் பிள்ளையின் வாயால். நம் தலைவர்கள் எத்தனை முறை சென்னை போய் வந்திருப்பார்கள்! ஆக, மேடையும் இருக்கிறது, கேட்கும் காதும் இருக்கிறது. பதுளையின் சொந்தச் செய்தியை அந்த மேடையில் ஏற்றத்தான் ஆளில்லை.

அதனால் கேட்க வேண்டியவற்றைக் கேட்போம். 2017இல் தேர்தல் முறையை மாற்றினார்கள், 2018இல் எல்லை நிர்ணய அறிக்கை பாராளுமன்றத்தில் தோற்றது, அன்றிலிருந்து மாகாண சபைத் தேர்தல் அந்தச் சிக்கலுக்குள் கிடக்கிறது. பழைய முறையிலோ புதிய முறையிலோ அதை நடத்துங்கள் என்று பதுளையிலிருந்து போயிருக்கும் இரு தமிழ் உறுப்பினர்களும் தங்கள் அரசாங்கத்திடமே கேட்க வேண்டும். ஆளுங்கட்சியில் இருப்பது அதற்குத் தடையல்ல, வசதி. 2025 மே 6இல் தெரிவான பிரதேச சபைகள் மாதக் கூட்டத்தின் முடிவுகளை ஒரு பக்கத் தமிழில் கொழுந்து மடுவத்திலும் வாசகசாலையிலும் ஒட்டட்டும். அதற்கு நிதி தேவையில்லை, மனமும் பசையும் போதும்.

வாட்ஸ்அப்பில் கரூருக்காக வாதாடிய தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் டிவிசன் பாதைக்கு இந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, உங்கள் லயத்துக்கு மேலே உள்ள மலையைப் பற்றிய அறிக்கை என்ன சொல்கிறது என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையிடமும் பிரதேச செயலகத்திடமும் எழுதிக் கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழிலேயே எழுதலாம். தருவதா இல்லையா என்று அவர்கள் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும்.