மகிழடித்தீவின் இறாற் பண்ணையும் முதலீட்டுச் சலுகைகளும்

வரவுசெலவுத் திட்டம் பாராளுமன்றத்தில் வாசிக்கப்படுங் காலம் நெருங்கினால், முதலீட்டாளர்க்கு வழங்கப்படும் சலுகைகளைப் பற்றிய பேச்சு நாடெங்கும் எழுந்துவிடுகின்றது. முன்னுரிமைக் கைத்தொழில்களுக்கு வரிவிடுமுறை வேண்டும் என்பார் ஒரு சாரார். திறைசேரி காலியாகக் கிடக்கையில் கோடீசுவரர்களுக்கு வரிவிடுமுறை எதற்கு என்பார் மற்றொரு சாரார். இரு திறத்தாரும் எண்களைக் கொண்டே வழக்காடுகின்றனர். சலுகை எத்தனை ஆண்டுக்கு, எத்தனை வீதத்துக்கு என்பதிலேயே வாதம் முடிந்துவிடுகின்றது. அரசாங்கம் கொடுக்கும் வாக்குறுதி யாருடைய கையிலே இருக்கின்றது, அது மீறப்பட்டால் எந்த மன்றத்தின் கதவைத் தட்ட அவருக்கு உரிமை உண்டு என்று கேட்பாரைக் காணோம்.

இந்தக் கேள்விக்கு விடை மட்டக்களப்பு வாவியின் படுவான்கரையிலே 1987ஆம் ஆண்டு எழுதப்பட்டுவிட்டது. உலகமெங்கும் சர்வதேச முதலீட்டுச் சட்டம் பயிலும் மாணவர்கள் அந்த வழக்கை முதற் பாடமாகப் படிக்கின்றனர். நம் பிள்ளைகளுட் பலர் அதன் பெயரையும் அறியார்.

கிழக்கிலே அரசாங்கம் கைத்தொழில் வளர்த்த கதை அதற்கும் முந்தியது. சுதந்திரத்தின் பின் கைத்தொழில் அமைச்சராக இருந்த ஜீ. ஜீ. பொன்னம்பலம் அவர்களின் காலத்துத் திட்டங்களுள் ஒன்று வாழைச்சேனைக் கடதாசி ஆலை. 1950களின் நடுப்பகுதியில் அது இயங்கத் தொடங்கியது. வைக்கோலும் இலுக்குப் புல்லும் அதற்கு மூலப்பொருள்கள். அறுவடை முடிந்த வயலிலே எரிந்தொழியும் வைக்கோலுக்கும் ஒரு விலை உண்டு என்று விவசாயி அறிந்துகொண்டது அந்த ஆலையால்தான். அதிலே குறைகள் இருந்தன. நட்டமும் இருந்தது. அரசியல்வாதிகளின் சிபாரிசுக் கடிதங்களும் குறைவின்றி இருந்தன. ஆனால் மூலதனம் அரசாங்கத்துடையது. ஆதலின் அதற்குத் தனியே சலுகை கொடுத்து அழைக்க வேண்டிய தேவை எழவில்லை. போர்க்காலம் அந்த ஆலையை முடமாக்கியது வேறு கதை.

1977இல் ஆட்சி மாறியதும் கொள்கையும் தலைகீழாயிற்று. 1978ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தால் பாரிய கொழும்புப் பொருளாதார ஆணைக்குழு பிறந்தது. கட்டுநாயக்கவிலே சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்டது. 1992இல் அந்த ஆணைக்குழுவே இலங்கை முதலீட்டுச் சபை என்று பெயர் மாறியது. வரிவிடுமுறை, சுங்கத் தீர்வை விலக்கு, இலாபத்தை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லும் உரிமை ஆகிய சலுகைகளைப் பலரும் அறிவர். அவற்றிலும் வலிய சலுகை ஒன்று அதே 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் 157ஆம் உறுப்புரையாக இடம்பெற்றது. வெளிநாட்டு முதலீட்டின் பாதுகாப்புக்காகச் செய்யப்படும் ஒப்பந்தத்தைப் பாராளுமன்றம் மூன்றில் இரு பங்குப் பெரும்பான்மையால் நாட்டின் பொருளாதார வளர்ச்சிக்கு இன்றியமையாதது என ஏற்றுக்கொண்டால், அவ்வொப்பந்தம் இந்நாட்டின் சட்டமாகவே வலுப்பெறும் என்கின்றது அது. தேசிய பாதுகாப்பின் பொருட்டன்றி, அதனை மீறிச் சட்டம் இயற்றவோ நடவடிக்கை எடுக்கவோ இயலாது. தன் குடிமக்களின் தொழிலுரிமைக்கு இவ்வளவு வலிய வேலி ஒன்றை நம் அரசியலமைப்பு எங்கேனும் போட்டிருக்கின்றதா என்று தேடினேன். எனக்குத் தென்படவில்லை.

1980ஆம் ஆண்டு ஐக்கிய இராச்சியத்தோடு அத்தகைய ஒப்பந்தம் ஒன்று கைச்சாத்தாயிற்று. அடுத்த ஆண்டில் அது அப்போதைய பிரித்தானியக் குடியேற்ற நாடான ஹொங்கொங்குக்கும் விரிந்தது. ஹொங்கொங் எங்கே, மகிழடித்தீவு எங்கே! இவ்விரண்டையும் இணைத்தது இறால்.

நமது வாவியை அறிந்தவர்க்கு இதில் வியப்பில்லை. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கரையோரத்தை ஒட்டி நீண்டு கிடக்கும் இந்நீர், கோடையிலே மணற்றிட்டால் முகத்துவாரம் அடைபட்டு, மாரி வெள்ளத்தில் உடைபட்டுக் கடலோடு கலக்கின்றது. நன்னீரும் உவர்நீரும் மாறி மாறி வரும் இந்த இயல்பே இறாலுக்கு உகந்தது. கண்டற் காடுகளின் வேர்களுக்கிடையே குஞ்சுகள் வளரும். எழுவான்கரையிலே நெருக்கமான குடியிருப்பு, படுவான்கரையிலே வயலும் மேய்ச்சலும் வெறுந்தரையும் என்று வாவி நிலத்தை இரண்டாகப் பிரித்திருப்பதால், குளம் தோண்டுவதற்குப் படுவான்கரையில் இடத்துக்குக் குறைவில்லை. கொழும்பிலிருந்தும் கடல் கடந்தும் வந்த கம்பனிகள் 1980களின் முற்பகுதியிலே இறால் வளர்ப்புக்கு மட்டக்களப்பைத் தெரிந்தெடுத்தது இதனாலேயே. பின்னாளில் புத்தளத்தின் தொழிலாகப் பெயர்பெற்ற இறால் வளர்ப்பு இங்கேதான் முதலில் வேர்விட்டது.

அவற்றுள் ஒன்று செரண்டிப் கடலுணவுக் கம்பனி. கொக்கட்டிச்சோலைக்கு அருகே மகிழடித்தீவிலே அதன் பண்ணை அமைந்தது. ஹொங்கொங்கில் பதிவு பெற்ற ஏஷியன் அக்ரிகல்சரல் புரொடக்ட்ஸ் என்னும் கம்பனி அதன் பங்குகளில் ஏறக்குறையப் பாதியை வைத்திருந்தது. யப்பானுக்கு ஏற்றுமதி செய்வதே நோக்கம். சுற்றுப்புற ஊர்களின் இளைஞர்கள் அங்கே வேலைக்குச் சேர்ந்தனர். மண்முனைத் துறையிலே ஓடத்துக்குக் காத்திருந்து வாவியைக் கடந்த காலம் அது. இன்று யப்பானிய உதவியால் 2014இல் திறக்கப்பட்ட பாலத்திலே சில நிமிடங்களிற் கடந்துவிடுகின்றோம். இறாலை வாங்க வந்த நாடு பாலத்தைக் கட்டித் தந்திருக்கின்றது. அந்தப் பாலத்தில் நின்று மேற்கே நோக்கும்போது இந்தக் கணக்கை நினையாதிருக்க என்னால் முடிவதில்லை.

1987 ஜனவரி 28ஆம் நாள், விசேட அதிரடிப்படை அப்பகுதியிலே பெருந்தேடுதல் நடத்தியது. நாள் முடிவதற்குள் பண்ணை அழிந்தது. பண்ணை ஊழியர்களுள் மட்டும் இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஊரிலே மாண்டவர்கள் அதற்கு மேல். பண்ணையைப் புலிகள் தளமாகப் பயன்படுத்தினர், சண்டையிலே அது அழிந்தது என்றது அரசாங்கம். ஊழியர்கள் கொல்லப்பட்டதும் சொத்து நாசமானதும் படையினராலேயே என்றது கம்பனி. ஊரவர் சொல்வது யாதென்று நான் எழுதத் தேவையில்லை. ஆண்டுதோறும் அந்நாளிலே அவர்கள் ஏற்றும் விளக்குகளைப் படுவான்கரை அறியும்.

அதே ஆண்டு ஜூலை மாதம், ஹொங்கொங் கம்பனி வாஷிங்டனிலே உலக வங்கியைச் சார்ந்த முதலீட்டுப் பிணக்குத் தீர்ப்பு நிலையத்தில் வழக்கிட்டது. இலங்கை அரசாங்கத்தோடு அக்கம்பனி நேரடியாக எந்த உடன்படிக்கையும் செய்திருக்கவில்லை. இரு அரசுகளுக்கிடையே எழுதப்பட்ட ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டி, தனியார் கம்பனி ஒன்று ஓர் அரசை அந்நிலையத்தின் முன் நிறுத்தியது உலகிலேயே அதுதான் முதன்முறை. கேட்ட தொகை எண்பது இலட்சம் டொலருக்கு மேல்.

1990 ஜூன் 27இல் தீர்ப்பு வந்தது. பண்ணையை அழித்தவர் எவர் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றனர் நடுவர்கள். ஆயினும் அரசாங்கம் பொறுப்பிலிருந்து தப்பவில்லை. சந்தேகத்துக்குரிய ஊழியர் எவரேனும் இருப்பின் சொல்லுங்கள், நீக்கிவிடுகின்றோம் என்று கம்பனி நிர்வாகம் சம்பவத்துக்குச் சில நாட்களின் முன்னரே அதிகாரிகளிடம் சொல்லியிருந்தது. அந்த அமைதியான வழி திறந்திருக்க, அதனைக் கையாளாமல் படை நடவடிக்கையில் இறங்கியதால், முதலீட்டுக்கு அளிக்க வேண்டிய காவலில் அரசாங்கம் தவறியது என்று மூவருள் இருவர் கண்டனர். ஒருவர் உடன்படவில்லை. ஏற்றுமதி தொடங்கிச் சில காலமே ஆகியிருந்ததால் எதிர்கால இலாபத்துக்கு ஈடு கிடைக்கவில்லை. 4,60,000 டொலரும், 1987 ஜூலை முதல் ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து வீத வட்டியும் கம்பனிக்கு வழங்கப்பட்டன.

வாசகர்கள் இங்கே சற்று நிற்கவேண்டும். அந்தத் தீர்ப்பு அநியாயமானது என்று நான் சொல்ல வரவில்லை. காவல் தருகின்றோம் என்று கையெழுத்திட்டவர்கள் தரவில்லை. மன்றம் ஈடு கொடுக்கச் சொன்னது. அது முறையே. ஆனால் அந்த மன்றத்திலே நிற்கத் தகுதி பெற்றது யார்? ஹொங்கொங்கின் பங்குதாரர் மட்டுமே. அதே கம்பனியிலே பங்கு வைத்திருந்த இலங்கையர் அங்கே போக முடியாது. குளக்கரையிலே வலை இழுத்தவனின் மனைவியும் போக முடியாது. மாண்ட ஊழியர்கள் அந்தத் தீர்ப்பிலே இடம்பெறுவது வழக்கின் பின்னணி நிகழ்ச்சியாகவே. பண்ணையின் குளங்களுக்கும் பொறிகளுக்கும் விலை மதிக்கப்பட்டது. அவர்களுக்கு மதிப்பிடும் அதிகாரம் அந்த நடுவர்களுக்கு ஒப்பந்தத்தால் கொடுக்கப்படவே இல்லை.

அந்த வழி திறந்தபின் உலகெங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட வழக்குகள் அவ்வழியே சென்றிருக்கின்றன. இந்தியா இவ்வகை ஒப்பந்தங்களுட் பெரும்பாலானவற்றை 2017ஐ ஒட்டி முடிவுறுத்தி, தன் நலம் பேணும் புதிய வாசகத்தைக் கையிலெடுத்தது. வழியைத் திறந்து வைத்த வாவிக்கரை மட்டும் அந்த விவாதத்திலே வெறும் முகவரியாக நின்றுவிட்டது.

போரினால் இங்கிருந்து பெயர்ந்த இறால் வளர்ப்பு புத்தளம், சிலாபம் பக்கத்திலே பெருகியது. சலுகையும் கடனும் தாராளம். விரைவிலே பணம் காணலாம் என்று கண்டவர்கள் கண்டல்களை வெட்டிக் குளங்களை நெருக்கி அமைத்தனர். டச்சுக் கால்வாயிலிருந்து நீரை எடுத்து, கழிவு நீரையும் அதே கால்வாயில் விட்டனர். ஒரு பண்ணையின் நோய் அடுத்த பண்ணைக்குக் குடிநீராய்ப் போயிற்று. 1996இல் வெண்புள்ளி நோய் பரவியபோது தொழிலே ஆட்டங்கண்டது. கைவிடப்பட்ட குளங்கள் உப்பேறிக் கிடந்தன. வரிவிடுமுறையால் வந்தவர்கள் வரியும் செலுத்தாமல், கழிவையும் சுத்திகரிக்காமல் போனார்கள் என்றால், அந்த முதலீட்டின் வரவைக் கணக்கிட்டவர் செலவை எந்தப் பக்கத்தில் எழுதினார் என்று கேட்கத் தோன்றுகின்றது.

2007இல் கிழக்கிலே போர் ஓய்ந்தபின் கிழக்கின் உதயம் என்ற முழக்கத்தோடு சலுகைக் காலம் மீண்டது. பாசிக்குடாவிலே உல்லாச விடுதிகள் எழுந்தன, தையற் சாலைகள் வந்தன. நன்மை இல்லை என்று சொல்வது பொய். மாதச் சம்பளம் என்பதையே அறியாத வீடுகளில் அது நுழைந்தது. ஆனால் தோணி இழுத்து வைக்கும் கரை குறைந்தது என்று பாசிக்குடா மீனவர் சொல்வதும் பொய்யன்று.

இதனிடையே ஒரு வேடிக்கை. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் வரிவிடுமுறை முறையைக் கைவிட்டு, இயந்திரத்திலும் கட்டிடத்திலும் இட்ட பணத்துக்குக் கூடுதல் மூலதனக் கழிவு கொடுக்கும் முறையைக் கொணர்ந்தது. கொள்கையளவில் அது நல்ல மாற்றமே. வரிவிடுமுறை விரைவில் இலாபம் கண்டு விரைவில் மூட்டை கட்டுபவனுக்கு இனிக்கும். மூலதனக் கழிவு நிலத்திலே பணத்தை ஊன்றியவனுக்கே உதவும். ஆனால் வட மாகாணத்திலே முதலிட்டால் நூறு ரூபாவுக்கு இருநூறு ரூபா கழிக்கலாம் என்ற அச்சட்டம், கிழக்கைக் கொழும்போடு ஒரே வரிசையில் நிறுத்தி நூறு மட்டுமே தந்தது. துறைமுகமும் விமானத் தளமும் வங்கித் தலைமையகமும் உள்ள ஊரும், மாரியிலே வீதி மூழ்கும் வாகரையும் வரிச் சட்டத்தின் கண்ணில் ஒன்றாயின! நம் பிரதிநிதிகள் அன்று எங்கே பார்த்துக்கொண்டிருந்தனர் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. நான்காண்டு கழித்து, 2021இல், கொழும்புத் துறைமுக நகரத்துக்கு நாற்பது ஆண்டு வரையில் வரி விலக்களிக்கும் சட்டம் வந்தது.

சலுகை என்றால் வரி என்றே எண்ணிப் பழகியதன் கோளாறு இது. வருமான வரி செலுத்துமளவுக்கு வருமானமே இல்லாத வாவி மீனவனுக்கு வரிவிடுமுறையால் ஆவதென்ன? அவனுக்கு வேண்டியது பனிக்கட்டி, இறங்குதுறை, காலத்தில் வெட்டிவிடப்படும் முகத்துவாரம், அறுத்த மீனை அழுகவிடாத குளிர்க் களஞ்சியம். தயிர்ச் சட்டி விற்கும் படுவான்கரை மாட்டுக்காரனுக்கு வேண்டியது மேய்ச்சற்றரை. இவையும் முதலீட்டு ஊக்கமே. இவற்றுக்கு மட்டும் அரசாங்கத்தார் அப்பெயரை வைப்பதில்லை. மானியம் என்பர், உதவி என்பர், தேர்தல் நெருங்கினால் அன்பளிப்பு என்பர்.

இன்று கண்முன் உள்ளது ஏறாவூர் புன்னைக்குடாவில் துணி உற்பத்திக்கென வகுக்கப்பட்ட வலயம். ஆடை தைக்கும் நாடு துணியை இறக்குமதி செய்து மாள்கின்றது, துணியையும் இங்கேயே நெய்து சாயமிட வேண்டும் என்ற வாதம் வலியது. நான் அதனை வரவேற்பவன். ஆனால் சாயச்சாலை நீரைக் குடித்து நீரையே கெடுக்கும் தொழில். திருப்பூரைப் பாருங்கள். ஏற்றுமதிப் பணம் மழையாய்ப் பொழிந்த ஊரிலே நொய்யல் ஆறு சாய ஓடையாயிற்று. ஒரத்துப்பாளையம் அணையின் நீர் பயிருக்கு நஞ்சாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயச்சாலைகளை மூடச் சொல்லும் நிலை வந்தது. முதலாளி, தொழிலாளி, உழவன் மூவரும் அன்று நட்டப்பட்டனர். ஏறாவூரோ கடலுக்கும் வாவிக்கும் இடையே கிடக்கும் ஒடுங்கிய நிலம். ஒருபுறம் தவறினால் கரைவலைக்காரன் சோறு போகும். மறுபுறம் தவறினால் வாவி போகும்.

முதலீட்டுச் சபையோடு கம்பனிகள் செய்யும் உடன்படிக்கைகளின் வாசகம் ஊரவர் கைக்கு எட்டுவதில்லை. 2022இன் நெருக்கடிக்குப் பின் சர்வதேச நாணய நிதியம் வற்புறுத்தியதால், வரிச்சலுகை பெறும் கம்பனிகளின் பட்டியலையேனும் அரசாங்கம் வெளியிட வேண்டியதாயிற்று. பிறர் சொல்லித்தான் இது நடந்தது என்பது நமக்குப் பெருமையன்று. ஆயினும் திறந்த கதவைப் பயன்படுத்துவோம். புன்னைக்குடாவில் கையெழுத்தாகும் ஒவ்வோர் உடன்படிக்கையும் தமிழிலே அச்சாகி, ஏறாவூர்ப் பிரதேச செயலகத்திலே எவரும் படிக்கக் கிடைக்கவேண்டும். கழிவு நீரின் அளவும் தன்மையும் அதில் எண்களாக இருக்கவேண்டும். அவ்வெண்கள் மீறப்பட்டால் சலுகை அன்றோடு நிற்கவேண்டும். தொழிலாளியின் உயிருக்கும் உறுப்புக்கும் ஆலை எரிந்தாலும் குலைந்தாலும் ஈடு உண்டு என்ற காப்புறுதி, இயந்திரத்தின் காப்புறுதியோடு ஒரே நாளில் எடுக்கப்படவேண்டும். மீனவர் சங்கமோ தொழிலாளர் குடும்பமோ மட்டக்களப்பு மாவட்ட நீதிமன்றத்தில் அந்த உடன்படிக்கையைக் கையிலேந்தி வழக்கிட உரிமை அதிலேயே எழுதப்படவேண்டும். ஹொங்கொங் கம்பனிக்கு வாஷிங்டன் வரையில் வழி வெட்டிக் கொடுத்த சட்ட வரைஞர்களுக்கு, ஏறாவூரிலிருந்து மட்டக்களப்புக்கு வழி வெட்டத் தெரியாமற் போகாது. தூரம் பத்து மைலுக்கு உட்பட்டதே.