எந்த அரை இஞ்ச்?

போத்தனூர் 1862-லேயே ரயில் வந்த ஊர். ஓட்டு வீடுகளுக்கும் பழைய மொட்டை மாடி வீடுகளுக்கும் இங்கே குறைவில்லை. அவற்றைப் புதுப்பிக்கும்போது சுவருக்குள் துருவேறிக் கிடக்கும் ஜி.ஐ. இரும்பு பைப்பை உருவி எறிந்துவிட்டு சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப் போடுகிறார்கள். நல்ல வேலைதான். ஆனால் டைல்ஸ் எல்லாம் ஒட்டி முடித்த பிறகு, "இவ்வளவு செலவு பண்ணியும் மாடி பாத்ரூம்ல தண்ணி பழையபடி நூலாட்டந்தானுங்க வருது" என்ற புலம்பல் எழுகிறது.

பெரும்பாலும் சிக்கல் ஒரு பெயரில் இருக்கிறது. அரை இஞ்சுக்கு அரை இஞ்ச் என்று மாற்றியிருப்பார்கள். அரை இஞ்ச் ஜி.ஐ. பைப்பின் உள்விட்டம் ஏறக்குறைய 16 மில்லிமீட்டர். அதே பெயரில் கடையில் கிடைக்கும் சி.பி.வி.சி.க்கு வெளிவிட்டமே 16 மில்லிமீட்டர்தான். உள்ளே துளை 12-ஐச் சற்றுத் தாண்டும். புது பைப்பைப் பழைய பைப்பின் துளைக்குள் செருகிவிடலாம் போல! உள்புறம் வழவழப்பாக இருப்பது ஓரளவு ஈடுகட்டும், முழுதாக அல்ல. ஜி.ஐ. அரை இஞ்சுக்குச் சரியான மாற்று சி.பி.வி.சி. முக்கால் இஞ்ச். அதன் துளை சுமார் 18 மில்லிமீட்டர்.

12-க்கும் 18-க்கும் ஆறு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். விட்டம் ஒன்றரை மடங்கானால் துளையின் பரப்பு இரண்டேகால் மடங்காகிறது. பைப் சுவரோடு உரசி வேகமிழக்கும் நீரின் பங்கும் குறைகிறது. அதனால் ஓட்டம் பரப்பைவிட வேகமாகக் கூடுகிறது. டேங்கின் நீர்மட்டம் குழாய்க்கு 6 அடி மேலே இருக்கிறது, எல்போக்களையும் கணக்கில் சேர்த்தால் பைப் 60 அடி என்று வைத்துக்கொள்வோம். அரை இஞ்ச் சி.பி.வி.சி.யில் நிமிடத்துக்கு 7 லிட்டர் அளவில் வரும். முக்கால் இஞ்சில் 19 லிட்டர். 15 லிட்டர் பக்கெட் முதலாவதில் நிரம்ப இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். இரண்டாவதில் ஒரு நிமிடம்கூட ஆகாது.

சிலர் டேங்கைத் தூக்கி வைக்கச் சொல்வார்கள். தூண் எழுப்பி 3 அடி உயர்த்தினால் 6 அடி 9 ஆகும். அழுத்தம் ஒன்றரை மடங்காகும். ஓட்டமோ கால் பங்குதான் கூடும். உரசல் மிச்சத்தைத் தின்றுவிடுகிறது. பம்ப் செட்டுக்குப் பேர்போன கோவையில் இன்னொரு யோசனையும் உடனே வரும்: ஒரு பிரஷர் பம்ப் மாட்டிவிடலாம் என்று. குறுகிய துளைக்குள் மோட்டாரை வைத்து நீரைத் திணிப்பது மாதாமாதம் கரண்ட் பில் கட்டும் வைத்தியம். மாநகராட்சிக் குடிநீர் இணைப்பில் நேரடியாக மோட்டார் மாட்டுவது விதிக்கே புறம்பானது. பக்கத்து வீட்டுக்காரர் பங்குத் தண்ணீரை நாம் உறிஞ்சுவதும்கூட.

அழுத்தமா, ஓட்டமா, எது குறை என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு ஒன்றை மட்டும் திறந்து பாருங்கள். அது நன்றாக வந்து, சமையலறையில் இன்னொன்றைத் திறந்ததும் துவண்டால், இரண்டுக்கும் பொதுவாக வரும் பைப் போதவில்லை. ஒற்றைக் குழாயே, அதுவும் டேங்குக்குக் கிட்டத்தில் இருக்கும் மாடிக் குழாய் மட்டும் மெலிந்தால், உயரம் போதாமல் இருக்கலாம். அங்கே அகலமான பைப்போடு சின்ன பம்பும் நியாயமே. ஷவர் தலையில் உப்புப் படிந்திருக்கிறதா என்பதை முதலில் கழற்றிப் பார்த்துவிடுங்கள். போர் தண்ணி ஓடும் வீட்டில் பாதி வழக்கு அங்கேயே தீரும்.

புதிதாகப் போடுபவர்கள் டேங்கிலிருந்து இறங்கும் பைப்பை ஒன்றேகால் இஞ்சில் எடுத்து, ஒவ்வொரு பாத்ரூமுக்கும் முக்கால் இஞ்சில் பிரித்து, குழாய்க்கு முந்தைய ஓரிரு அடியில் மட்டும் அரை இஞ்சுக்கு இறங்கலாம். டேங்குக்குப் பக்கத்தில் காற்று வெளியேற ஒரு பைப்பை நிமிர்த்தி விடச் சொல்லுங்கள். சுவரைப் பூசுவதற்கு முன் இரண்டு குழாய்களைச் சேர்த்துத் திறந்து, பக்கெட்டை வைத்து, கையில் கடிகாரத்தோடு நில்லுங்கள்; பிளம்பர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.